சிவப்பு நாற்காலியா, சிவப்பு உடையா?

பிரெஞ்சு ஓவியர் பால் செசான் தன் மனைவி ஒர்த்தான்ஸ் ஃபிகேயை எண்ணெய் வண்ணத்தில் ஏறத்தாழ 29 முறை வரைந்தார். பிரதி வரைந்து பழகவோ, அச்சுப்படமாக மாட்டவோ விரும்புகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இரண்டில்தான்: அவர் சிவப்பு நாற்காலியில் அமர்ந்திருக்கும் படம் (இங்கே ‘நாற்காலி’), சிவப்பு உடையில் இருக்கும் படம் (‘உடை’).

அளவு
நாற்காலி (சுமார் 1877, பாஸ்டன் அருங்காட்சியகம்): 72 × 56 செ.மீ. சின்ன அறைக்குப் போதும்.
உடை (1888–90, நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம்): 116 × 89 செ.மீ. சிறிதாக்கினால் கம்பீரம் போய்விடும்.

நிறம்
நாற்காலி: பெரிய சிவப்பு நாற்காலி, அதன்முன் பச்சைச் சாயலில் கோடிட்ட பாவாடை. முகத்தில்கூடப் பச்சையும் நீலமும் கலந்திருக்கும். ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே 1907இல் பாரிஸில் இதைப் பார்த்து, தன் மனைவிக்குக் கடிதத்தில் வியந்து எழுதினார்.
உடை: சிவப்பு இங்கே ஒர்த்தான்ஸ் மேலேயே இருக்கிறது, நாற்காலி மஞ்சள்.

அமைப்பு
நாற்காலி: கைகோத்து, அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.
உடை: ஆளும் நாற்காலியும் சாய்கின்றன. பக்கத்தில் கனத்த திரை, பின்னால் கண்ணாடி. ஒரு கோடு பிசகினால் எல்லாம் சரியும்.

முகம்
இரண்டிலும் சிரிப்பில்லை. அதை மணவாழ்க்கைக் கசப்புக்குச் சாட்சியாக்குவது எனக்கு ஒப்பவில்லை. வரையும்போது ஆப்பிளையும் செசான் இப்படித்தான் பார்த்தார். தவிர, முதல் படத்தின்போது திருமணமே ஆகவில்லை. அது 1886இல்தான்.

நிறம் பழக வந்தவருக்கு நாற்காலி. கோடும் சமநிலையும் ஓரளவு கைவந்தவருக்கு உடை. வீட்டுச் சுவருக்கு என்றால் யோசிக்காமல் நாற்காலிதான்.