வெண்ணெய் வாடை: வீட்டு டிராஃப்ட் பீர் இயந்திரத்துடன் மூன்று ஆண்டுகள்

சென்ற வாரம் என் கெகரேட்டரின், அதாவது கெக் எனப்படும் பீர்ப் பீப்பாயைக் குளிர வைத்துக் கோப்பையில் ஊற்றித் தரும் வீட்டு இயந்திரத்தின், பீர் டியூபையும் டேப் எனப்படும் ஊற்றுகுழாயையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவற்றை மாட்டினேன். அதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், இதே இயந்திரம் இப்போது விலை குறைந்திருப்பதால் தாமும் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுதிய பதிலையே சற்று விரித்து இங்கே தருகிறேன்.

குளிரூட்டும் பகுதியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று ஆண்டுகளாக 3 டிகிரி செல்சியஸை விட்டு அது பெரிதாக நகர்ந்ததில்லை. பீரைத் தள்ளும் வாயுவின் அழுத்தத்தை ரெகுலேட்டரில் 12 பிஎஸ்ஐ என்று வைத்தால் அந்த அளவிலேயே நிற்கிறது. டேப் பொருத்தியிருக்கும் தூணான டவரின் மேல்பகுதி அறைச் சூட்டை வாங்கிக்கொள்வதால் நாளின் முதல் கோப்பை மட்டும் நுரையாக வரும். அதற்கடுத்த கோப்பைகள், பெரிய மதுக்கூடங்களில் ஊற்றித் தருவதற்கு எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல.

தொல்லை தொடங்கியது மூன்றாம் ஆண்டில். பீரில் உருக்கிய வெண்ணெயின் வாடை லேசாக எட்டிப் பார்த்தது. முதலில் கெக்கைச் சந்தேகித்தேன், வேறு கெக் மாற்றினேன், வாடை போகவில்லை. அதே பீரைப் பாட்டிலில் வாங்கிப் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தபோது, பாட்டிலில் அந்த வாடை அறவே இல்லை. பழுது என் டியூபில்தான் என்பது அப்போது உறுதியானது. டைஅசெட்டில் என்னும் சேர்மமே அந்த வாடைக்குக் காரணம். டியூபுக்குள் குடியேறும் பீடியோகாக்கஸ், லாக்டோபேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. காற்றுப் படும் டேப்பின் வாயில் அசெட்டோபேக்டர் சேர்ந்தால் காடிப் புளிப்பும் கூட வரும்.

கழற்றிய டியூபை நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். உட்புறம் முழுவதும் தேநீர்க் கறை போன்ற ஒரு படலம். நகத்தால் சுரண்டினால் வழுவழுப்பாக வந்தது. அதற்கு அடியில், விரல் நுனிக்கு உப்புத்தாள் போல நெருடும் இன்னொரு அடுக்கு இருந்தது. அதுதான் பீர்க்கல், மால்ட் எனப்படும் முளைகட்டிய தானியத்தின் ஆக்சலேட்டும் நீரின் கால்சியமும் சேர்ந்து படியும் கால்சியம் ஆக்சலேட். டியூபைக் கழுவும் காரக் (அல்கலி) கரைசலுக்கு அது அசையாது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அமிலக் கரைசலால் கரைத்தெடுக்க வேண்டும். விட்டுவிட்டால், அந்தச் சொரசொரப்பில் பாக்டீரியாக்கள் ஒளிந்துகொண்டு அடுத்த கழுவலுக்குத் தப்பிவிடுகின்றன.

இதில் என் பிழையும் உண்டு. கெக் தீரும்போது மட்டும் வெந்நீர் விட்டு அலசுவதே போதும் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால் அப்படி நம்ப வைத்தது இயந்திரத்துடன் வந்த கையேடு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ‘தேவைப்படும்போது தூய்மை செய்யவும்’ என்ற ஒற்றை வரியோடு அது முடிந்துவிடுகிறது. அமெரிக்க பீர் தயாரிப்பாளர் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் வகுத்துள்ள முறையோ தெளிவானது: 14 நாள்களுக்கு ஒருமுறை காரக் கரைசல், புதிய டியூபுக்கு 2 விழுக்காடு, பழையதற்கு 3 விழுக்காடு, கரைசலின் வெப்பம் 27 முதல் 43 டிகிரி வரை, பம்ப் வைத்துச் சுழலவிட்டால் 15 நிமிடம், தேங்கவிட்டால் 20 நிமிடம். இயந்திரத்தோடு வந்த கைப்பம்ப்புப் புட்டியால் கரைசலை ஒரே மூச்சில் தள்ளிவிட்டால் டியூப் நனைகிறதே தவிர, படலம் ஊறிக் கழன்று வருவதற்கு நேரமே கிடைப்பதில்லை. சிலர் கரைசலைக் கார்பன் டை ஆக்சைடால் தள்ளுகிறார்கள், அதுவும் தவறு. அந்த வாயு காரத்துடன் வினைபுரிந்து அதன் வீரியத்தைக் குறைத்துவிடும்.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அந்த டேப். விரல் நீளமே உள்ள அந்த உலோகத் துண்டு பின்புறம் அடைக்கும் வகையைச் சேர்ந்தது. அதாவது, கைப்பிடியை மூடியதும் அடைப்பு உள்ளே பின்னால் விழுகிறது. அதற்கு முன்னால் உள்ள அறை முழுவதும் பீரின் ஈரத்தோடு காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. இரண்டு நாள் ஊற்றாமல் இருந்தால் சர்க்கரைப் பிசுக்கு காய்ந்து, கைப்பிடி ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் சட்டென்று விடுபட்டு நுரை சீறும். ஆகவே ஒவ்வொரு கழுவலின்போதும் டேப்பைப் பிரித்தாக வேண்டும். அதன் கழுத்து வளையம், நமக்கு எதிர்முகமாக டவரின் பக்கமிருந்து மாட்டப்பட்டிருப்பதால், கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் முதல் முறை எதிர்த்திசையில் முறுக்கி முறுக்கி ஸ்பேனரின் பல்லையே மழுங்கடித்தேன். இவ்வளவு விலை வைத்து விற்கும் இயந்திரத்தில், முன்புறம் அடைக்கும் டேப் ஒன்றைப் பொருத்தித் தர அந்த நிறுவனத்துக்கு மனம் வராததை என்னால் மன்னிக்க இயலவில்லை.

புதிதாக மாட்டியிருப்பது முன்புறம் அடைக்கும் வகை. ஐந்து நாள் தொடாமல் வைத்திருந்து நேற்று இழுத்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் கைப்பிடி வந்தது. பீரில்தான் வெண்ணெய் இல்லை. தானிய மணமும், நாவின் ஓரத்தில் நிற்கும் கசப்பும் மட்டுமே இருந்தன. பல மாதங்களாக நான் இழந்திருந்த சுவை அது. அந்த ஒரு கோப்பைக்காக இந்த இயந்திரத்தை நான் யாருக்கும் விற்கப் போவதில்லை.

ஆயினும் நண்பருக்கு, வாங்க வேண்டாம் என்றுதான் எழுதினேன். அவர் வாரம் இரண்டு கோப்பை குடிப்பவர். அடிக்கடி ஊர்ப் பயணம் போகிறவர். டியூபில் தேங்கும் பீர் அவர் திரும்பி வரும்வரை காத்திருக்காது. அப்படியும் வாங்கியே தீருவேன் என்றால், முதல் கெக்கை மாட்டுமுன் டேப்பை மாற்றட்டும். கரைசலைச் சுழலவிட ஒரு சிறு பம்ப், கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, கார அமிலத் தன்மையை நிறத்தால் காட்டும் பிஎச் தாள் ஆகியவற்றையும் உடனே வாங்கட்டும். காரத்தைத்தான் நீரில் கலக்க வேண்டும், நீரைக் காரத்தில் ஊற்றக் கூடாது. கழுவி முடித்தபின், டியூபிலிருந்து வரும் நீரும் வீட்டுக் குழாய் நீரும் பிஎச் தாளில் ஒரே நிறம் காட்டும்வரை அலச வேண்டும். அதற்கு முன் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது.