ஹெரால்டு மார்க் த்ரீ: கிரீஸ் கன்னோடு யாரையும் கிட்டே விடாதீர்கள்

சேலத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் த்ரீ என்கிற பழைய கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, முதலில் சொன்ன விலையிலிருந்து நன்றாகவே இறங்கிவிட்டார்கள், வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. என் வண்டியே இப்போதுதான் பட்டறையிலிருந்து வீடு வந்து சேர்ந்திருக்கிறது, வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால் நியாயமாக எழுத முயற்சி செய்கிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

948 சிசி, நாலு கியர், நாலு கதவு எல்லாம் தெரிந்த சங்கதி. ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவுகிற சிங்க்ரோ முதல் கியருக்குக் கிடையாது, வண்டி நின்ற பிறகு போட வேண்டும், கொஞ்ச நாளில் கை பழகிவிடும். மழைக்காலத்தில் கால் வைக்கிற இடம் நனையும், அதற்கும் பழகிக்கொள்ளலாம். நான் பேச வந்தது முன்சக்கரத்தைப் பற்றி.

முதலில் நல்லது. இந்த வண்டி திரும்புகிற அழகை நான் வேறு எந்தக் காரிலும் பார்த்ததில்லை. 25 அடி வட்டத்துக்குள் சுற்றி வந்துவிடும், லண்டன் டாக்ஸிகளுக்கு விதித்திருக்கும் அளவு அது. கோவை டவுன்ஹால் பக்கம் ராஜ வீதி நெரிசலில் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் முன்னே பின்னே என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, ஸ்டியரிங்கை ஒரே ஒடி, வந்த வழியே திரும்பிப் போய்விடலாம். வால்பாறை ஏறும்போது அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே பஸ் வந்து பாதி வளைவை அடைத்துக்கொண்டாலும் மிச்சம் இருக்கிற இடம் இதற்குப் போதும். இத்தனை வருஷம் ஆகியும் அந்தச் சந்தோஷம் எனக்குக் குறையவே இல்லை. அப்புறம் அந்த பானட். கொக்கியை விடுவித்து முன்பக்கமாகச் சாய்த்தால் இரண்டு மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்தே போய்விடும், எஞ்சினும் சஸ்பென்ஷனும் திறந்து கிடக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

இப்படி ஒரு வண்டி பிறந்ததற்கே ஒரு நெருக்கடிதான் காரணம். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953இல் அதைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி, அதாவது ஆஸ்டினும் மாரிஸும் ஒன்றாகச் சேர்ந்த கூட்டணி, விலைக்கு வாங்கிவிட்டது. புதிய காருக்கு முழு பாடியை ஒரே கூடாக அடித்துத் தர ஆள் இல்லாமல் போனது. ஹாரி வெப்ஸ்டரும் அவருடைய பொறியாளர்களும் பழையபடி பாடியைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கே, அதாவது தனி சேசிஸுக்கே திரும்பினார்கள், இத்தாலியரான மிக்கெலோட்டி உருவத்தை வரைந்து கொடுத்தார், பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைத்து கம்பெனியின் இன்னொரு பெயரான ட்ரையம்ஃபில் 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று விற்றார்கள். துண்டுகளாக இருந்ததால்தான் பெட்டியில் கட்டி அனுப்பி வெளிநாடுகளில் பூட்டுவதும் சுலபமாக இருந்தது. 1961இலிருந்து நம் பெருங்களத்தூரில் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. நாலு கதவு மார்க் த்ரீ முழுக்க இங்கே பிறந்தது, இங்கிலாந்தில் அப்படி ஒரு ஹெரால்டு கிடையாது. 1903இல் ரெஜினால்டு மாட்ஸ்லே ஆரம்பித்த ஸ்டாண்டர்டின் பெயரை அவர்கள் ஊரில் 1963லேயே கார்களிலிருந்து எடுத்துவிட்டார்கள், நம் ஊரில் அது 1988 வரை ஓடியது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாகத்தான் இருக்கிறது.

சரி, வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். முன்சக்கரத்தைத் தாங்குகிற நெட்டுக் கம்பி ஒன்று இருக்கிறது, வெர்டிகல் லிங்க் என்பார்கள், இரும்பு. அதன் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ட்ரனியன் என்கிற வெண்கலக் கட்டைக்குள் முறுக்கி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அந்த மரை கட்டைக்குள் சுழல்கிறது, அதுதான் சக்கரத்துக்குக் கீழ்ச் சுழலிடம். நான் மேலே புகழ்ந்த திருப்பம் முழுவதும் அந்த மரையின் மேல்தான் நடக்கிறது. அதற்குத் தேவை கியர் ஆயில், 90 நம்பர். கிரீஸ் கூடாது. கிரீஸ் மரை இடுக்குகளுக்குள் முழுசாக இறங்காது, உள்ளே போன கொஞ்சமும் காய்ந்துவிடும், தண்ணீர் புகுந்தால் உள்ளே துரு பிடிக்கும். கம்பெனிக் கையேட்டிலேயே ஆயில் என்றுதான் போட்டிருக்கிறது.

ஆனால் அந்த இடத்தில் இருக்கிற சின்ன பிளக்கைக் கழற்றினால் அதே மரையில் கிரீஸ் நிப்பிள் அப்படியே பொருந்தும்! நிப்பிளைப் பார்த்தால் எந்த மெக்கானிக்கின் கையும் கிரீஸ் கன்னைத்தான் தேடும். நான் போன தடவை சர்வீஸுக்கு விட்ட பட்டறையில் வாயால் சொன்னேன், சீட்டு எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டினேன், அப்படியும் கிரீஸ் அடித்து அனுப்பிவிட்டார்கள். மேலே பளபளவென்று துடைத்திருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. சில மாதம் கழித்து ஸ்டியரிங் கனக்க ஆரம்பித்தது, டயரில் காற்று குறைவோ என்றுகூடப் பார்த்தோம். கடைசியில் ஒரு கல்யாண மண்டப வாசலில், நடக்கிற வேகத்தில், நிறுத்துவதற்காக முழுக்க ஒடிக்கும்போது டப் என்று ஒரு சத்தம். இடது சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்து, மட்கார்டு டயர் மேல் உட்கார்ந்துவிட்டது. வால்பாறை இறக்கத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

உடைந்த லிங்க்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மரை ஆரம்பிக்கிற இடத்தில்தான் ஒடிந்திருந்தது. ஒடிந்த முகத்தில் முக்கால் பங்கு பழுப்பு நிறத் துரு, ஓர் ஓரத்தில் மட்டும் பளிச்சென்று வெள்ளி நிறம். அதாவது விரிசல் விட்டுப் பல நாள் ஆகியிருக்கிறது, கடைசி ஓரம்தான் அன்றைக்குப் போனது. மரை இடுக்கில் கிரீஸ் காய்ந்த சந்தனம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்தது.

இதில் வடிவமைப்பைக் குறை சொல்லலாமா? முழுக்கச் சொல்ல முடியாது. இதே ஏற்பாட்டை ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியான லோட்டஸ் தன் ஈலான் காருக்கே எடுத்துப் போட்டது. ஒழுங்காக ஆயில் பார்த்த ட்ரனியன் வருஷக்கணக்கில் உழைக்கும். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரிலும் இதே வகை இருப்பதால் இங்கிலாந்தில் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், எனக்கும் அங்கிருந்துதான் வந்தது. வெண்கலக் கட்டையைக் கோவையில் நல்ல லேத்காரர் கடைந்து கொடுத்துவிடுவார், இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர் என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும். லிங்க்கை மட்டும் கடைவதோ வெல்டிங் வைப்பதோ உயிரோடு விளையாடுகிற வேலை. எல்லாம் சரி, அந்தக் கட்டையின் மேல் ‘ஆயில்’ என்று ஒரு வார்த்தை பொறித்திருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை!

பின்பக்கத்தில் ஸ்விங் ஆக்ஸில், அதாவது ஒவ்வொரு சக்கரமும் தன் அச்சோடு தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். ஆள், சாமான் ஏற்றினால் பின்சக்கரம் இரண்டும் காலை அகட்டிக்கொள்ளும், டயர் உள்ளோரம் தேயும். இறக்கத்தில் வளைவின் நடுவே திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் விலகப் பார்க்கும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இது இங்கே யாருக்கும் பிடிக்காமல் போனதால்தான் 1972இல் வந்த இதே கம்பெனியின் அடுத்த காரான கேஸலில் சாதாரண ஆக்ஸிலுக்கு மாறினார்கள். எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை.

இனி நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்கலாம். அம்பாசடரையோ ஃபியட்டையோ எந்த ஊர்ப் பட்டறையில் விட்டாலும், பையன் பழக்கத்தில் கிரீஸ் அடித்தால் வண்டிக்கு நல்லதுதான் நடக்கும். ஹெரால்டில் அந்தப் பழக்கமே வண்டியைக் கொல்லும். உங்களுக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை, வண்டியை டிரைவரிடமும் பட்டறையிலும் விட்டுவிட்டுத்தான் போவீர்கள். பக்கத்தில் நின்று பார்க்க முடியாதவருக்கு இந்த வண்டி ஆகாது.

அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது என்றால் இதைச் செய்யுங்கள். முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அப்புறம் ட்ரனியன் பிளக்கையோ நிப்பிளையோ கழற்றச் சொல்லுங்கள். கறுத்த ஆயில் வடிந்தால் நல்ல சகுனம். கிரீஸ் வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ, இரண்டு பக்கத்துக்கும் புது லிங்க், ட்ரனியன் வாங்கும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள், அவை மாட்டும்வரை சேலத்திலிருந்து அதை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், லாரியில் ஏற்றுங்கள்.