விட்டுப் பிடிப்பதா, பிடித்துக்கொண்டு விடுவதா?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் ஊரில் ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கையால் திருப்புவதா, தானாக மாறுவதா? நான் அதற்கு முன்னால் வேறொன்றைப் பார்ப்பேன். அந்தச் சுவிட்ச் பழைய இணைப்பை விட்டபிறகு புதியதைப் பிடிக்கிறதா, இல்லை, புதியதைப் பிடித்துக்கொண்டு பழையதை விடுகிறதா?

சேஞ்ச்ஓவர் கட்டாயம் விட்டுத்தான் பிடிக்க வேண்டும். மின் நிறுவனமான தெனாகாவின் லைன் செத்திருக்கும் நேரத்தில் ஜெனரேட்டர் அதோடு சேர்ந்தால், நம் 230 வோல்ட் தெரு டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகக் கம்பிக்குப் போய்விடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிர் அந்தக் கணத்தில் நம் கையில்.

கைச்சுவிட்சில் 1, 0, 2 என்று மூன்று நிலை. 0-வில் 'டக்' என்று நிற்பது உள்ளங்கைக்கே தெரியும். கடைக்கும் கோயிலுக்கும் நான் இதையே சொல்வேன். விலை குறைவு, பழுதாக அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் நள்ளிரவில் திருப்ப ஆள் வேண்டும். மீன், இறைச்சி உறைய வைத்திருப்பவர்களுக்கும் கிளினிக்குக்கும் தானியங்கிதான் சரி. அதில் இரண்டு கான்டாக்டர், அதாவது மின்காந்தம் இழுத்து மூடும் சுவிட்சுகள். ஒன்று மூடியிருந்தால் மற்றது மூட முடியாதபடி இயந்திரப் பூட்டு இருக்க வேண்டும், வயரிங் பூட்டு மட்டும் போதாது. அப்புறம் ஜெனரேட்டரின் பேட்டரியை மாதா மாதம் பாருங்கள். பேட்டரி செத்திருந்தால், எவ்வளவு நல்ல தானியங்கியும் இருட்டில் சும்மா நிற்கும்.

இதே விதி, திருப்பித் தேர்ந்தெடுக்கும் எல்லாச் செலக்டருக்கும் பொருந்தும் என்று நினைத்தால்தான் ஆபத்து. செம்பனை ஆலையின் போர்டில், மூன்று பேஸில் (மும்முனை மின்சாரத்தின் முனைகளில்) எதை அளப்பது என்று தேர்ந்தெடுக்கும் வோல்ட்மீட்டர் குமிழும் அம்மீட்டர் குமிழும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே நேர் எதிர். வோல்ட்மீட்டருடையது விட்டுப் பிடிக்காவிட்டால் இரண்டு பேஸ் முட்டிக்கொள்ளும். அம்மீட்டருடையது, பெரிய கரண்டை அளக்கக் குறைத்துக் கொடுக்கும் கரண்ட் டிரான்ஸ்பார்மரோடு சேர்ந்தது; ஆலை ஓடும்போது அதன் இரண்டாம் சுற்று ஒரு கணம் திறந்தாலும் முனைகளில் உயிர்கொல்லும் வோல்டேஜ் எழும். அதனால் அது பிடித்துக்கொண்டுதான் விட வேண்டும், அளக்காத பேஸின் கரண்ட் டிரான்ஸ்பார்மரையும் ஷார்ட் பண்ணியே வைத்திருக்க வேண்டும்.

பெரிய டிரான்ஸ்பார்மரில் ஓடும்போதே வோல்டேஜைச் சரிசெய்யும் டேப் மாற்றியும் அப்படித்தான். இடையில் ரெசிஸ்டரை நுழைத்து, கரண்டு அறாமல் கை மாற்றும். செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் சாதாரண கியரோ சேஞ்ச்ஓவர் கட்சி: நியூட்ரலுக்கு வந்தபிறகே அடுத்த கியர்.

குமிழ் உடைந்து புதிது வாங்கப் போனால், பழையதின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் இணைப்புப் படத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். கடைக்காரரிடம் குமிழின் நிறத்தையும் அளவையும் மட்டும் சொல்லி வாங்காதீர்கள்.