மறுபடி கத்தியா, முதுகுக்குள் கரண்ட் கருவியா?

முதுகெலும்பு அறுவையில் டிஸ்க்கை எடுத்தாயிற்று, ஸ்க்ரூவும் போட்டாயிற்று. ஆனாலும் பிட்டத்தில் தொடங்கி பாதம் வரை சுரீரென்று இழுக்கும் வலி போகவில்லை. இந்தக் கட்டத்தில் பேச்சு பெரும்பாலும் மூன்று வழிகளில் வந்து நிற்கும்: மறு அறுவை சிகிச்சை, தண்டுவடத்துக்கு மின்துடிப்பு அனுப்பி வலியை மட்டுப்படுத்தும் தண்டுவடத் தூண்டல் கருவி, இல்லையென்றால் மாத்திரையும் பிசியோதெரபியுமாகக் காலத்தை ஓட்டுவது.

மறு அறுவைக்குத் தெளிவான காரணம் வேண்டும். டிஸ்க் திரும்பப் பிதுங்கியிருக்க வேண்டும், ஸ்க்ரூ தளர்ந்திருக்க வேண்டும், அல்லது நரம்பை எலும்பு அழுத்துவது ஸ்கேனில் தெரிய வேண்டும். சிறுநீர், மலம் கட்டுக்குள் நிற்கவில்லை, பாதம் தொங்கிக்கொண்டே போகிறது என்றால் கருவியைப் பற்றி யோசிக்கவே கூடாது. அவசரமாக அறுவை சிகிச்சை நிபுணரிடம் ஓட வேண்டும். 'உள்ளே தழும்பு இருக்கிறது' என்பது மட்டுமே காரணம் என்றால் எனக்குத் தயக்கம்தான். தழும்பை எடுக்கப் போன கத்தியே புதுத் தழும்பைப் போட்டுவிட்டு வரும்.

கருவியின் கதை வேறு. 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு வலி ஆய்வாளர்கள் வலிக்குத் தண்டுவடத்தில் ஒரு 'கதவு' உண்டு, வேறு உணர்வைத் தூண்டினால் அது மூடிக்கொள்ளும் என்றார்கள். இரண்டே வருடத்தில் அமெரிக்காவில் நார்மன் ஷீலி என்ற நரம்பியல் அறுவை நிபுணர் முதல் கருவியை நோயாளிக்குப் பொருத்திவிட்டார். லீட் எனப்படும் மெல்லிய மின்கம்பிகளை ஊசி வழியாகத் தண்டுவட உறைக்கு வெளியே, பின்பக்கமாக வைக்கிறார்கள். பேட்டரி பிட்டத்துக்கு மேல் தோலுக்கடியில் உட்காரும், ரிமோட் கையில் இருக்கும். பழைய வகையில் வலி இருந்த இடத்தில் ஒரு குறுகுறுப்பு ஓடும்; மல்லாந்து படுத்தால் தண்டுவடம் லீட் பக்கம் நெருங்குவதால் அது திடீரென்று கூடிவிடும். நொடிக்கு 10,000 துடிப்பு அனுப்பும் வகையில் இந்தக் குறுகுறுப்பு கிடையாது.

இதன் பெரிய சாதகம் வெள்ளோட்டம். லீட்களை மட்டும் உள்ளே வைத்து, பேட்டரிப் பெட்டியை இடுப்பில் கட்டி, ஒரு வாரம் போல வீட்டுக்கு அனுப்புவார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரக் கருவி. மறு அறுவையில் இப்படிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடந்து 2005-இல் வெளியானது. கருவி பெற்ற 19 பேரில் 9 பேருக்குப் பலன்; மறு அறுவைக்குப் போன 26 பேரில் 3 பேருக்கு மட்டுமே. மாத்திரைத் தரப்போடு ஒப்பிட்ட 2007 ஆய்வில் 100 பேர், எல்லாருக்கும் கால்வலிதான் முதன்மை. ஆறு மாதத்தில் கால்வலி பாதிக்குமேல் குறைந்தவர்கள் கருவித் தரப்பில் 48 சதவீதம், மற்றத் தரப்பில் 9 சதவீதம். ஒரு வருடத்துக்குள் கருவி வைத்தவர்களில் 32 சதவீதத்தினருக்கு லீட் நகர்வது, கிருமித் தொற்று போன்ற தொல்லைகளும் வந்தன.

இதோடு நிறுத்திக்கொண்டால் கருவிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். 2022-இல் நார்வேயில் இருந்து ஒரு முடிவு வந்தது. வெள்ளோட்டத்தில் தேறிய 50 பேருக்கும் கருவியைப் பொருத்தி, மூன்று மூன்று மாதமாக ஓடவும் ஓடாமலும் விட்டார்கள். எப்போது ஓடுகிறது என்று நோயாளிக்குத் தெரியாது. அன்றாட இயலாமையில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. அதில் பயன்பட்டது துடிப்புகளைக் கொத்துக் கொத்தாக அனுப்பும் 'பர்ஸ்ட்' என்ற ஒரே வகைதான், அதை அமைத்த விதமும் சரியில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடுகிறது. வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் கருவி ஓடுவது தெரிந்தே நடந்த பழைய ஆய்வுகளின் எண்களை முன்போல் அப்படியே நம்ப எனக்கு இப்போது மனம் வரவில்லை.

மாத்திரைப் பக்கம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலினோ டுலாக்ஸெட்டினோ சிலருக்குக் கைகொடுக்கும். தூக்கக் கிறக்கம், தலைசுற்றல் கூடவே வரும். அதை ஒழுங்காக முயலாமல் பல லட்ச ரூபாய்க் கருவிக்குத் தாவுவது வீண்.

ஆக, ஸ்கேனில் அழுத்தம் தெளிவாகத் தெரிந்தால் என் ஓட்டு மறு அறுவைக்கு. அது இல்லாமல் கால்வலி மட்டும் எரித்தெடுக்கிறதென்றால் கருவியை வெள்ளோட்டம் பார்க்கலாம். இடுப்புவலி மட்டும் என்றால் அவசரப்பட மாட்டேன். கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்வி: இந்த மாடலோடு எம்ஆர்ஐ எடுக்கலாமா, பேட்டரி சார்ஜ் ஏற்றும் வகையா? ஏற்ற முடியாத வகை சில வருடத்தில் தீர்ந்துவிடும், மாற்ற மறுபடி தோலைக் கிழிக்க வேண்டும். வெள்ளோட்ட வாரத்தில் குனிந்து நிமிர்ந்து லீட்டை இழுத்துக்கொள்ளாமல், ஆனால் கட்டிலிலேயே கிடக்காமல், கடைத்தெரு வரை நடந்து பாருங்கள். எத்தனை நிமிடம் நிற்க முடிந்தது, இரவில் எத்தனை தடவை விழித்தீர்கள் என்று தினமும் எழுதி வையுங்கள்.