லொறிக்கு ‘பவர் சிப்’ வாங்க நினைப்பவர்களே, என் 68,500 ரூபா போன விதத்தைக் கேளுங்கள்

நேற்று மாலைதான் ஹட்டன் கராஜில் இருந்து லொறியை எடுத்து வந்தேன். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. 68,500 ரூபா. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டிக்கு 68,500 ரூபா கொடுத்திருக்கிறேன். மலையில் லொறி ஓட்டும் வேறு யாரும் இதில் மாட்டக்கூடாது. இந்த மாதிரிப் பெட்டியை எப்படிச் சோதிப்பது என்றும் கடைசியில் எழுதுகிறேன், தயவுசெய்து முழுக்க வாசியுங்கள்.

என்னுடையது இசுசு எல்ஃப், கொமன் ரெயில் எஞ்சின். அதாவது ‘ரெயில்’ என்ற ஒரே குழாயில் டீசலை அதிக அழுத்தத்தில் தேக்கி, எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும் வகை. கந்தப்பளை, நுவரெலியாப் பக்கம் லீக்ஸ், கரட், கோவா ஏற்றி இரவோடு இரவாகப் பேலியகொடை மெனிங் சந்தைக்குக் கொண்டுபோவேன். திரும்பும்போது மாவு, அரிசி. கித்துல்கலையில் இருந்து கினிகத்தேனைக்கு ஏறும்போது பாரத்தோடு லொறி திணறும். அந்தத் திணறலை மனதில் வைத்துத்தான் வாகன உதிரிப்பாகம் விற்கும் ஒரு இணையத்தளத்தில் இந்தச் சிப்பைப் பார்த்தேன். இழுவை கூடும், டீசலும் மிச்சமாகும் என்று போட்டிருந்தது.

போன் எடுத்தேன். விற்கும் ஆள் விலையைப் பற்றி முதலில் பேசவே இல்லை. என்ன லோட், எந்தப் பாதை என்று கேட்டார். அப்புறம், “வட்டவளை முடக்குல எத்தனையாவது கியர்ல ஏறுறீங்க அண்ணே?” என்றார். அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்துவிட்டேன். பாதை தெரிந்தவன், பாரம் தெரிந்தவன் என்று நினைத்தேன். ரெண்டாவது கியர் என்றேன். “இதப் போட்டா மூணாவதுல ஏறும். நானும் பதுளைப் பக்கம் தோட்டத்துல பொறந்தவன்தான் அண்ணே. நம்ம ஆளுகிட்ட பொய் சொல்லிட்டு நான் எங்க போகப்போறேன்?”

என் மனைவி கொழுந்துச் சம்பளத்தில் மாதாமாதம் கட்டிய சீட்டு அந்த வாரம்தான் விழுந்திருந்தது. அதோடு பின் டயருக்கு வைத்திருந்த காசையும் சேர்த்து 68,500 ரூபாவை வங்கியில் போட்டேன். கணக்கு கடையின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. அதைக் கவனித்தேன். கவனித்தும் போட்டேன். ஸ்லிப்பைப் படம் பிடித்து அனுப்பி ஒரு நிமிடம் ஆகவில்லை, “காசு வந்துருச்சு அண்ணே, கடவுள் ஆசீர்வாதம் உங்களுக்கு” என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் கூரியரில் பெட்டி வந்தது. பில் இல்லை, உத்தரவாத அட்டை இல்லை. வீடியோ கோலில் அவர் சொல்லச் சொல்ல நானே பூட்டினேன். ரெயிலின் நுனியில் இருக்கும் அழுத்த சென்சரின் பிளக்கைக் கழற்றி இடையில் இந்தப் பெட்டியைச் செருகுவது, அவ்வளவுதான். பொய் சொல்ல மாட்டேன், முதல் இரண்டு பயணம் லொறி இழுத்தது. பின்னால் கரும்புகையும் வந்தது. இழுவை கூடினால் புகை வரத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் பயணத்துக்கு முன்னால் கொட்டகலையில் விடியக்காலைக் குளிரில் செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. எட்டு, பத்துத் தடவை அடித்த பிறகு இருமிக்கொண்டு பிடித்தது. அன்று இரவு லீக்ஸ் ஏற்றிக்கொண்டு கினிகத்தேனைக்குக் கீழே இறங்குகிறேன். புகை போகும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக்கைப் போட்டு முடக்கு வந்ததும் விட்டேன். எஞ்சின் வேகம் விழுந்து அப்படியே நின்றுவிட்டது. ஸ்டீயரிங் இறுகிவிட்டது. பிரேக் பெடல் இரண்டு மிதியில் கல்லாகிவிட்டது. இடப்பக்கம் பள்ளம். கியரையும் கை பிரேக்கையும் நம்பி வலப்பக்க மண் கரையில் கொண்டுபோய் உரசி நிறுத்தினேன். கிளீனர் தம்பி குதித்து ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் தள்ளினான். லொறி இன்னும் அரை அடி உருண்டிருந்தால் அவன் விரல்கள் அதற்குள் போயிருக்கும். கட்டையைப் பிடித்த கையை அவன் எடுக்கவே இல்லை. “அண்ணே நிக்குதா, நிக்குதா” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சந்தைக்குப் போய்ச் சேரும்போது வியாபாரம் முடியும் நேரம். லீக்ஸ் கேட்ட விலைக்குப் போனது.

அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு எத்தனை கோல்! முதலில் “டீசல் ஃபில்டர் அடைச்சிருக்கும்” என்றார். மாற்றினேன். “பெட்டரி வீக்கா இருக்கும்” என்றார். கழற்றிக் கொண்டுபோய்ச் சோதித்தேன், நன்றாக இருந்தது. “மலைக் குளிருக்கு முதல்ல அப்படித்தான் அண்ணே, ரெண்டு மாசத்துல செட்டாகிடும்.” அப்புறம், “உங்க கராஜ் பாஸுக்கு இந்த சிஸ்டம் புரியாது.” காசைத் திருப்பிக் கேட்ட நாளில் ஒரு பெண் போனை எடுத்து அவர் வெளியூர் என்றார். மறுநாள் ராங் நம்பர். அதற்கு அடுத்த நாள் அவருடைய படமும் காணவில்லை, நான் அனுப்பும் செய்திக்கு ஒற்றை டிக்தான். இணையத்தளத்துக்கும் எழுதினேன். விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைப்பதுதான் எங்கள் வேலை, காசு விஷயத்தை விற்றவரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று இரண்டு வரி. நான் அனுப்பிய படங்களைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஹட்டன் பாஸ் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழைய பிளக்கை நேராகச் செருகி செல்ஃப் அடிக்கச் சொன்னார். உடனே பிடித்தது. அவர் விளக்கியது இது: அந்த சென்சருக்கு மூன்று வயர். ரெயிலுக்குள் டீசல் அழுத்தம் ஏற ஏற, அரை வோல்ட்டில் இருந்து நாலரை வோல்ட் வரை அது எஞ்சினின் கணினிக்குச் சொல்லும். இந்தப் பெட்டி நடுவில் இருந்து அதைக் குறைத்துச் சொல்கிறது. அழுத்தம் போதவில்லை என்று நம்பிக் கணினி இன்னும் டீசலைத் தள்ளவைக்கிறது. இழுவையும் புகையும் அதனால்தான். ஆனால் ஸ்டார்ட் பண்ணும்போது குறிப்பிட்ட அழுத்தம் ஏறியதாகத் தெரிந்தால்தான் கணினி இன்ஜெக்டரைத் திறக்கும். உள்ளே அழுத்தம் இருந்தாலும் இல்லை என்றே அதற்குத் தெரிகிறது, அதனால் எஞ்சின் பிடிக்காது. பிளக்கில் ரப்பர் சீலும் இல்லை. பனியும் மழையும் புகுந்து ஊசிகள் பச்சை பிடித்திருந்தன, ஓட்டத்தில் நின்றதற்கு அதுவும் காரணம் என்றார். ஸ்கேனரில் பி0192, பி0087 என்று இரண்டு கோட். முதலாவது சென்சர் சிக்னல் குறைவு, இரண்டாவது ரெயில் அழுத்தம் குறைவு. அளவுக்கு மேல் அழுத்தம் ஏறி ரெயிலின் லிமிட்டர் வால்வு திறந்திருக்கிறது. திறந்தது திரும்பச் சரியாக மூடாமல் கசிந்துகொண்டிருந்தது. அதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

பெட்டியை அறுத்துப் பார்த்தோம். கட்டைவிரல் நகம் அளவு ஒரு பலகை, எண் சுரண்டிய ஒரு சிப், நாலைந்து ரெசிஸ்டர். பாரமாக இருக்கட்டும் என்று ஓர் இரும்புத் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அதை என் மனைவி கையில் வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. லிமிட்டர், ஃபில்டர், கராஜ் கூலி எல்லாம் வேறு. அவள் சீட்டுக்காசும் சேர்ந்த 68,500 ரூபாவை யார் தருவது?

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கப் போகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். என் கையில் இருப்பது ஸ்லிப் மட்டும்தான்.

சோதிக்கும் முறையை விவரமாக எழுதத்தான் நினைத்தேன், நேரமில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். தனி ஆளின் கணக்குக்குக் காசு போடாதீர்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஏற்கனவே பூட்டியிருந்து லொறி ஸ்டார்ட் ஆகாவிட்டால், ஃபில்டர், பெட்டரி என்று அலைவதற்கு முன் முதலில் அந்தப் பெட்டியைக் கழற்றிப் பாருங்கள். கழற்றாமல் பாரத்தோடு இறக்கத்தில் மட்டும் போகாதீர்கள்.

கந்தப்பளையில் இருந்து லோடுக்குக் கோல் வந்துவிட்டது. அறுத்த பெட்டியின் படத்தையும் ஸ்லிப்பையும் இரவு போடுகிறேன். இதே குரலில் உங்களிடமும் யாராவது வட்டவளை முடக்கைப் பற்றிக் கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள்.