பம்பரை மூடுவதற்கு முன் பாருங்கள்: ஜே.சி. சாலையில் ஃபாக் லைட் மாட்டியவனின் எச்சரிக்கை

பெங்களூரு ஜே.சி. சாலையில் காருக்கு ஃபாக் லைட், அதாவது பனிமூட்ட விளக்கு, மாட்டப் போகிறீர்கள் என்றால், காசைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இதே வேலையை இதே லட்சணத்தில் செய்கிற கடை அந்தச் சாலையில் ஒன்றே ஒன்றுதான் என்று நான் நம்பவில்லை என்பது இன்னொரு காரணம்.

நான் குடியிருப்பது லிங்கராஜபுரம், வேலை தேவனஹள்ளிப் பக்கம், அதுவும் காலை முதல் ஷிப்ட். கார்த்திகை பிறந்தால் தை முடியும்வரை ஹெப்பாளைத் தாண்டி விடியும் முன் வண்டி ஓட்டுபவர்களுக்கு அந்தச் சாலையின் பனிமூட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கெம்பேகௌடா விமான நிலையத்திலேயே அந்த மாதங்களில் அதிகாலை விமானங்கள் கிளம்ப முடியாமல் காத்துக் கிடக்கின்றன. பின் விளக்கு எரியாத லாரி ஒன்று திடீரென்று மூக்கு முன்னால் முளைக்கும். என் வண்டி நடுத்தர ரகம். ஃபாக் லைட் இருக்க வேண்டிய இடத்தில் கம்பெனிக்காரர்கள் கறுப்பு மூடி போட்டு அனுப்பியிருந்தார்கள். உயர்ந்த ரகம் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் பனி பெய்கிறது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கடைக்காரர் வேலூர்ப் பக்கத்துத் தமிழர். "வாருங்கள் அண்ணா, நம் ஊர்க்காரருக்கு நான் தப்பான சரக்குப் போடுவேனா?" என்றுதான் ஆரம்பித்தார். நான் கேட்டது ஒன்றே ஒன்று, வயரை வெட்டுவீர்களா என்று. "ஒரு வயரைக்கூடத் தொடமாட்டோம் அண்ணா. கம்பெனி கப்ளரிலேயே மாட்டிவிடுவோம். தனி ரிலே, தனி ஃபியூஸ். வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது." கப்ளர் என்பது வயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் முனை. ரிலே என்பது ஸ்விட்சிலிருந்து வரும் சிறு மின்சாரத்தைக் கொண்டு விளக்கின் கனத்த மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்னப் பெட்டி. பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் பெட்டியைப் பிரித்துக் காட்டினார். விளக்கு இரண்டு, சுற்றி வருகிற அலங்கார வளையம், ரிலேயுடன் வயரிங், ஸ்விட்ச், மாட்டுகூலி எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய் என்று பேசி முடித்தோம். பம்பரைக் கழற்றி மாட்ட நேரமாகும், காபி குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். திரும்பி வந்தபோது பம்பர் ஏறியிருந்தது. ஷட்டர் மேல் பளிச்சென்று வெளிச்சம் அடித்துக் காட்டினார்கள்.

ஸ்டீயரிங் பக்கத்தில் ஹெட்லைட் போடுகிற தண்டிலேயே ஸ்விட்ச் வரும் என்று சொல்லியிருந்தார். வந்ததோ ஸ்டீயரிங்குக்குக் கீழே இருபக்க டேப்பில் ஒட்டிய ஒரு பொத்தான். கேட்டதற்கு, "உங்கள் வண்டிக்கு அந்தத் தண்டு ஸ்டாக் இல்லை அண்ணா, இது இன்னும் வசதி" என்றார். பணம் போன யுபிஐ கணக்கு கடையின் பெயரில் இல்லை, யாரோ ஒருவரின் பெயரில் இருந்தது. கையில் கொடுத்த காகிதத்தின் தலையில் 'எஸ்டிமேட்' என்று அச்சிட்டிருந்தது. ஜிஎஸ்டி எண் கிடையாது. ரசீது கேட்டேன். கணினி ஓடவில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். இன்றுவரை வரவில்லை.

மார்கழியில் ஒரு விடியற்காலை சிக்கஜாலா தாண்டியதும் இடப்பக்க ஹெட்லைட்டும் இரண்டு ஃபாக் லைட்டும் ஒன்றாக அணைந்தன. ஏசி வழியாகப் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. வலப்பக்கத்து ஒற்றை விளக்கை நம்பி ஓரம் கட்டினேன். பானெட்டைத் திறந்தால் புகை இல்லை, நாற்றம் மட்டும் நின்றது. விடிந்த பிறகு பகல் வெளிச்சத்தில் மெல்ல ஓட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

எங்கள் பகுதியில் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். கோலார் தங்கவயல்காரர், சுரங்கம் மூடிய பிறகு இங்கே வந்தவர். அவர் முதலில் பம்பரைத் தொடவில்லை. ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்து, "இடது ஹெட்லைட்டின் லோ பீமுக்கு, தாழ்ந்த ஒளிக்கு, எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் தம்பி" என்றார். மூடியின் உட்புறத்தில் 10 என்று அச்சிட்டிருந்தது. "பத்து என்றால் சிவப்பு. உள்ளே என்ன நிறம் இருக்கிறது?" பச்சை. பச்சை என்றால் 30 ஆம்பியர்.

கதை முழுவதும் அந்தப் பச்சை ஃபியூஸில் இருக்கிறது. கார்களில் போடுகிற தகட்டு ஃபியூஸ்களுக்கு நிறக்கணக்கு உண்டு: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. 55 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். ஹெட்லைட் ஒன்றுக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். அதே வயரில் இன்னும் இரண்டு 55 வாட் பல்புகளைக் கோத்துவிட்டால் மொத்தம் ஏறக்குறைய 14 ஆம்பியர். சிவப்பு ஃபியூஸ் எரிந்துபோகும், எரியத்தான் வேண்டும். கடையில் மாட்டிப் பார்த்தபோதே எரிந்திருக்க வேண்டும். எரிந்ததும் வயரிங்கை அல்லவா திருத்த வேண்டும்? இவர்கள் ஃபியூஸைத் திருத்திவிட்டார்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் இந்தச் சுமைக்குக் கடைசிவரை அசையாது. அது எரியாவிட்டால் வேறு ஏதாவது எரியும். மின்னோட்டம் மூன்று மடங்கானால் வயரில் ஏறும் சூடு மூன்று மடங்கல்ல, ஒன்பது மடங்கு.

பம்பரைக் கழற்றினோம். இடது ஹெட்லைட்டுக்குப் போகும் வயரின் தோலைப் பிளேடால் சீவி, ஃபாக் லைட் வயரைக் கையால் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். சூட்டில் டேப்பின் பசை உருகி வெல்லப்பாகு மாதிரி வழிந்து, மேலே சாலைப் புழுதி படிந்திருந்தது. பிரித்தால் செம்பு கருத்துப்போயிருந்தது. ஹெட்லைட்டின் பின்னால் செருகும் கம்பெனி கப்ளரில் ஒரு முள்ளைச் சுற்றிப் பிளாஸ்டிக் உருகி, முள் சாய்ந்து நின்றது. ஒரு வயரைக்கூடத் தொடமாட்டோம் என்றவர்களின் வேலை இது.

ரிலே இருந்தது. ஆமாம், இருந்தது! பேட்டரிக்குப் பக்கத்தில், பானெட்டைத் திறந்தால் கண்ணில் படும்படி, கேபிள் டையால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய நான்கு வயர்களும் பின்பக்கம் வெட்டப்பட்டு, முனைகளை மடக்கி, வயர்களை மூடும் பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகியிருந்தார்கள். ரிலே எதனுடனும் சேரவில்லை. பெரியவர் அந்த முனைகளை உருவி எடுத்து என்னிடம் காட்டிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவசர வேலையில் பிழை வரலாம், புரிந்துகொள்கிறேன். வெட்டிய வயரை மடக்கி ஒளித்து வைப்பதைப் பிழை என்று சொல்லமாட்டேன்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டேன். பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, எஞ்சினுக்கும் வண்டியின் உட்பகுதிக்கும் நடுவே இருக்கும் தடுப்புச் சுவர் வழியாக ஸ்விட்ச் வயரை உள்ளே கொண்டுபோக நேரம் பிடிக்கும், பக்கத்திலேயே ஓடுகிற ஹெட்லைட் வயரைச் சீவினால் வேலை சீக்கிரம் முடியும், இன்னொரு வண்டி எடுக்கலாம் என்றார். அவ்வளவுதான்.

சரியான முறை ரகசியம் ஒன்றுமில்லை. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு ஒட்டினாற்போல் ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 என்று எழுதிய முள். 87 என்ற முள்ளிலிருந்து விளக்குகளுக்கு. 85 எர்த். 86-க்கு ஸ்விட்சிலிருந்து வரும் மெல்லிய வயர். விளக்குக்கான கனத்த மின்சாரம் முழுவதும் பேட்டரியிலிருந்து நேராகப் போய்விடும். ஸ்விட்ச் பக்கம் ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவு, ரிலேயின் சுருளை இழுக்க மட்டும். இந்த எண்கள் ரிலேயின் அடியிலேயே அச்சிட்டிருக்கும். பம்பர் ஏறுவதற்கு முன்னால் ரிலேயைக் கையில் பிடித்து, நான்கு வயரும் எங்கே போகின்றன என்று ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பம்பரை மாட்டச் சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

விளக்கும் போலிதான். முறையாக அங்கீகாரம் பெற்ற விளக்கின் கண்ணாடியில் வட்டத்துக்குள் E என்ற எழுத்தும் நாட்டு எண்ணும் பொறித்திருக்கும். அதன் அருகே முன்பக்க ஃபாக் லைட் என்பதற்கு B அல்லது F3 என்ற குறி இருக்கும். என்னுடையதில் கண்ணாடி வழவழப்பாக இருந்தது, ஒரு குறியும் இல்லை. பெட்டியில் மட்டும் எல்லாம் அச்சிட்டிருந்தது. அட்டையில் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

இன்னொன்றையும் பெரியவர்தான் கவனித்தார். விளக்குகளை வானம் பார்க்கத் தூக்கி வைத்திருந்தார்கள். ஷட்டரில் அடித்துக் காட்டும்போது பளிச்சென்று தெரிந்தது அதனால்தான். எதிரே வருபவர்கள் என்மேல் ஹை பீம் அடித்துத் திட்டிக்கொண்டு போனதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. ஃபாக் லைட்டின் ஒளி அகலமாக, தாழ்வாக, மேல் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் விழ வேண்டும். அது ஓட்டுநரின் கண்மட்டத்துக்குக் கீழே தரையோடு போனால்தான், பனித்துளிகளில் பட்டுத் திரும்பி முகத்தில் அறையாது. சமதரையில் வண்டியைச் சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்துங்கள். சுவரில் விழும் ஒளியின் மேல் விளிம்பு, விளக்கின் மைய உயரத்தைவிட 4 அங்குலம் கீழே இருந்தால் சரி. விளக்கின் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பினால் இறங்கும்.

மஞ்சள் பல்பு பனியைத் துளைக்கும் என்று கூடுதலாக 800 ரூபாய்க்கு விற்கப் பார்த்தார்கள், அதில் நான் விழவில்லை. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது. அது மஞ்சள், வெள்ளை என்று பார்த்துச் சிதறடிப்பதில்லை. மஞ்சளில் கண் கூசுவது குறைவு என்று சிலருக்குத் தோன்றலாம், அது வேறு விஷயம். பயன் தருவது தாழ்ந்த உயரமும் வெட்டு விளிம்பும்தான். ஹாலஜன் பல்புக்கென்று செய்த ஒளி திருப்பும் கிண்ணத்தில் எல்இடி பல்பைச் செருகினால் அந்த விளிம்பே கலைந்து, ஒளி நாலாபுறமும் தெறிக்கும். கண்ணைக் கூசவைக்கும் எல்இடி விளக்குகள்மீது கர்நாடகப் போலீஸார் 2024 ஜூலை முதல் வழக்குப் போடத் தொடங்கினார்கள். அனுமதியில்லாத மாற்றம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் எடுத்தால், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் விழலாம். கடைக்காரர் மேல் அல்ல, வண்டியின் சொந்தக்காரர் மேல்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் உருகிய கப்ளரைப் பார்த்ததுமே வாரண்டி கிடையாது என்றார்கள். கப்ளரை மட்டும் தனியாகத் தரமாட்டார்களாம், முன்பக்க வயரிங்கையே மாற்ற வேண்டும், 18,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, விலையைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது. கடைசியில் பெரியவரே வேறு கப்ளர் வாங்கி வந்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டு, ரிலேயையும் முறையாக இணைத்துக் கொடுத்தார். 2,800 ரூபாய் ஆனது. போலி விளக்குகளைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அவைதான் சாட்சி.

கடைக்குப் போனேன். முதல்நாள் 'அண்ணா' என்றவர் அன்று 'சார்' ஆகிவிட்டார். "வாரண்டி விளக்குக்குத்தான் சார், வயருக்கு இல்லை." சரி, விளக்கு போலியாயிற்றே என்றேன். "நீங்கள் வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருப்பீர்கள்." தண்ணீர் பட்டால் கண்ணாடியில் இருந்த E எழுத்து கரைந்துவிடுமா என்று கேட்டேன். மாட்டிய பையன் ஊருக்குப் போய்விட்டான், வந்ததும் பேசலாம் என்றார். வெட்டிய ரிலே வயரின் படத்தைக் காட்டியதும், "இது எங்கள் கடை வேலையே இல்லை" என்று முடித்துவிட்டார். ரசீதுக்குப் பதில் 'எஸ்டிமேட்' காகிதம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது, இப்படிக் கைகழுவத்தான் என்பது அந்த இடத்தில்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

ஆனாலும் அந்தக் காகிதத்தில் கடையின் முத்திரை, வண்டி எண், தேதி மூன்றும் இருக்கின்றன. யுபிஐ ரசீதும் அதே தேதி. "மாட்டியாகிவிட்டது, வாருங்கள்" என்று கடையின் எண்ணிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தியும் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் புகார் பதிவு செய்தேன். அவர்கள் கடைக்கு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் இல்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே பதிவு செய்யலாம், வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். உங்களிடமும் இதே மாதிரி 'எஸ்டிமேட்' காகிதம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

மனுவோடு பச்சை ஃபியூஸின் படத்தையும், ஃபியூஸ் பெட்டி மூடியில் 10 என்று இருக்கும் இடத்தின் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இணைத்திருக்கிறேன். கடைக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதை வந்ததும் எழுதுகிறேன்.