திருப்பூர் – மூணாறு – கொடைக்கானல்: ஏழு பைக் பயணங்களுக்குப் பிறகு

முதல் தடவை போனது 2017-ல். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளப் பக்கம் மலை ரோடெல்லாம் சரிந்து கிடந்தது, 2020 கொரோனா. இந்த இரண்டு வருடத்தைக் கழித்தால் 2025 வரைக்கும் ஏழு பயணம். எல்லாமே செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் முதல் வாரம், அதே ஆறு பேர், ஏறக்குறைய அதே சுற்று: திருப்பூரில் கிளம்பி உடுமலை, அமராவதி, சின்னார், மறையூர், மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு, தேனி, வத்தலக்குண்டு, கொடைக்கானல், பழனி, வீடு. ஒரே பாதையில் இத்தனை தடவை போனதால் எங்கள் கூட்டத்துக்கு எது சரிப்பட்டது, எது சரிப்படவில்லை என்று இப்போது தைரியமாகச் சொல்ல முடிகிறது.

எங்களில் ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியர். வயதிலும் எங்களைவிட ஏழெட்டு வருடம் மூத்தவர், வண்டியும் நிதானமாகத்தான் ஓட்டுவார். நாங்கள் எல்லாரும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம், அவர் எங்களை மாப்ள என்பார். 2017-ல் நாங்கள் செய்த பெரிய தப்பு, அவரைக் கடைசியில் விட்டது. மெதுவாக வருகிறவர் பின்னால் வரட்டும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று நினைத்தோம். அதுபோக முதல் நாளே தேனி போய்விட வேண்டும் என்று ஒரு கணக்கு. சமவெளியில் 230 கிலோமீட்டர் ஒன்றுமே இல்லை, மலையில் அது முழுநாள் வேலை என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

போடிமெட்டில் இறங்கும்போது இருட்டிவிட்டது. மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதியைத் தாண்டியிருப்போம், கண்ணாடியில் பார்த்தால் வாத்தியாரின் லைட் இல்லை. போனிலும் டவர் இல்லை. ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு நான் திரும்ப மேலே ஏறினேன். இரண்டு வளைவுக்கு மேலே தடுப்புச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. பக்கத்தில் போனதுமே பின் சக்கரத்திலிருந்து கருகிய வாடை. "மாப்ள, மிதிச்சா உள்ள போகுது, ஆனா நிக்க மாட்டேங்குது"ன்னு சொன்னார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. எங்களைப் பிடிக்க வேண்டும் என்று நான்காவது கியரிலேயே இறங்கி, ஒவ்வொரு வளைவுக்கும் பின் பிரேக்கை மிதித்தே வேகத்தைக் குறைத்திருக்கிறார். டிரம் பிரேக் அந்தச் சூட்டைத் தாங்காது, லைனிங் சூடேற ஏற பிடிப்பு போய்விடும். ஆறட்டும் என்று முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அப்புறம் முதல் கியரில் போடி வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்தோம். அவர் விழுந்திருந்தால் அவர் வீட்டில் போய் என்ன சொல்லியிருப்போம் என்ற நினைப்பு அன்று ராத்திரி யாரையும் தூங்கவிடவில்லை.

வரிசையாகப் போகும்போது கடைசி ஆளுக்கு நடப்பது இதுதான். முன்னால் போகிறவன் வளைவு முடிந்ததும் முறுக்குவான். அடுத்தவன் அந்த வளைவை முடிக்கும்போது ஐம்பது அடி இடைவெளி விழுந்திருக்கும், அதைப் பிடிக்க அவன் இன்னும் கொஞ்சம் முறுக்குவான், இப்படியே சேர்ந்து சேர்ந்து ஆறாவது ஆள் வரும்போது முதல் ஆளைவிட அதிக வேகத்தில் ஓட்டினால்தான் கூட்டத்தோடு இருக்க முடியும். அந்த இடத்தில்தான் நாங்கள் எங்களில் மெதுவான ஆளை விட்டிருந்தோம்.

2019-லிருந்து வாத்தியார் இரண்டாவது. முதல் ஆள் பாதை தெரிந்தவன், கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும், அவர் தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கடைசியில் வருகிறவன் மெக்கானிக் வேலை தெரிந்தவன், ஸ்பேனரும் ஸ்பேர் டியூபும் அவனிடம். ரோடு பிரிகிற இடத்தில், பின்னால் வருகிறவன் கண்ணில் படுகிற வரைக்கும் ஒவ்வொருவனும் நின்றுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஹெல்மெட்டில் மாட்டிப் பேசிக்கொள்கிற இன்டர்காம் இரண்டு பேர் வாங்கினார்கள், நல்ல பொருள்தான், ஆனாலும் எங்களைக் காப்பாற்றியது இந்த ஏற்பாடுதான். இதற்கப்புறம் எந்த வருடமும் ஒருவரும் தொலையவில்லை.

இரண்டாவது மாற்றம், ஒரு நாளைக்கு மலையில் 120 கிலோமீட்டருக்கு மேல் கிடையாது. முதல் ராத்திரி மறையூர். ஆறு பேரும் இதில் ஒரே மனசு. உடுமலையில் டேங்கை நிரப்பிக்கொண்டு அமராவதி செக்போஸ்ட் தாண்டினால் சின்னார் வரைக்கும் காடு, எங்கேயும் நிறுத்துவதில்லை, யானை கடக்கிற இடம். மழை மறைவுப் பகுதி என்பதால் முள்மரமும் காய்ந்த பாறையுமாக, ஜாக்கெட்டுக்குள் வேர்த்து ஊற்றும். மறையூர் ஏறியதும் காற்று மாறிவிடும். கரும்புத் தோட்டத்துக்கு நடுவே ஓலைக் கொட்டகைகளில் வெல்லம் காய்ச்சுவார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம் இது. பெரிய கொப்பரையில் சாறு கொதித்து, பாகாகி, அதை மரத்தொட்டியில் ஊற்றி ஆறவிட்டு, கையாலேயே உருண்டை பிடிப்பார்கள். இன்னும் சூடு போகாத ஒரு உருண்டையை எங்கள் கையில் கொடுத்தார் ஒரு பெரியவர். நான்கு விரல் பதிந்த தடம் அதில் அப்படியே இருந்தது. "சாப்பிடுங்க தம்பி, கடையில வாங்கினா இந்த வாசம் இருக்காது" என்றார். 2017-ல் இந்தக் கொட்டகைகளை அறுபதில் தாண்டிப் போயிருக்கிறோம், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

மறுநாள் மூணாறு தாண்டி, மலை இடுக்கு வழியே போகிற கேப் ரோடு. 2019-ல் மண் சரிந்து மூடிவிட்டதால் ராஜாக்காடு வழியே சுற்றிப் போனோம். இப்போது மூணாறு – போடிமெட்டு ரோட்டை நன்றாக அகலப்படுத்திவிட்டார்கள். வண்டி ஓட்ட அருமை, ஆனால் எங்கள் கூட்டம் கட்டுமீறி வேகம் எடுக்கிற ஒரே இடமும் இதுதான், அதனால் அங்கே முதல் ஆளாக எப்போதும் நிதானமானவனைத்தான் போடுகிறோம். ஆனையிறங்கல் அணை, பூப்பாறை பக்கம் மாலையில் ஓட்டுவதே இல்லை. 2022-ல் பூப்பாறையில் ஒரு டீக்கடை அண்ணன், "அரிக்கொம்பன் சுத்துது, இருட்டறதுக்குள்ள ரூம் போட்டுருங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார். அடுத்த வருடம் அந்த யானையைப் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் அங்கே அது ஒன்று மட்டும்தான் யானையா என்ன. ராத்திரி பூப்பாறையிலேயே தங்கிவிட்டு, போடிமெட்டைக் காலை வெளிச்சத்தில் இறங்குகிறோம்.

வண்டியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: எங்களிடம் இரண்டு 350 சிசி, மூன்று 150-க்கு மேலே, ஒன்று 125. ஏழு பயணத்தில் நான் கண்டது, இந்த ரோடுகளுக்கு 150 தாராளம். கொண்டை ஊசியில் 350-இன் கனம் கையை வலிக்கவைக்கும், 125 கொடைக்கானல் ஏறும்போது மட்டும் லக்கேஜோடு திணறும். என் பழைய கார்புரேட்டர் வண்டி 7,000 அடியில் காலையில் ஸ்டார்ட் ஆகவே அழும், 2021-ல் எடுத்த பிஎஸ் 6 வண்டியில் (புதுப் புகை விதிப்படி வந்தது, கார்புரேட்டர் இல்லை) அந்தத் தொல்லை கிடையாது. இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது. ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், பஸ் வளைவில் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும், ஹாரன் கேட்டதும் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள்.

பழைய கிளட்ச் கேபிளுக்குப் பக்கத்திலேயே புதுக் கேபிள் ஒன்றை ஓட்டிக் கட்டிவைப்பது மெக்கானிக் சொன்ன யோசனை. 2023-ல் பெரியகுளம் தாண்டி என் கேபிள் அறுந்தபோது இரண்டு முனையை மாற்றிப் போட்டு கால் மணி நேரத்தில் கிளம்பினோம். மழைக்கு மேலே கீழே தனித்தனியாக இருக்கிற கோட்டுதான் சரி, போன்ச்சோ மாதிரி தொங்குவதை வாங்காதீர்கள், காற்றில் பறந்து செயினில் மாட்டும்.

பணத்துக்கு ஆளுக்கு மூவாயிரம் முதலிலேயே ஒருவன் கையில் கொடுத்துவிடுவோம், டீயிலிருந்து ரூம் வரைக்கும் அதிலிருந்துதான். பெட்ரோல் அவரவர் செலவு. இதனால் கணக்குப் பேச்சு வந்ததே இல்லை. கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், கிளம்புவதற்கு முன்பே ஆறு வண்டிக்கும் எடுத்துவிடுகிறோம்.

கடைசி நாள் கொடையிலிருந்து பழனி இறக்கம், 65 கிலோமீட்டர் போல வரும். வத்தலக்குண்டு ரோட்டைவிட குறுகல், கூட்டமும் குறைவு, எனக்கு மொத்தச் சுற்றிலும் பிடித்த ரோடு இது. போன வருடம் இதில் வாத்தியாரை முதல் ஆளாகப் போகச் சொன்னோம். இரண்டாவது, மூன்றாவது கியரில் ஒரே சீராக, பிரேக் லைட் எரிவதே அபூர்வமாக இறங்கினார். ஐந்து பேரும் பின்னால் பேசாமல் போனோம். வரதமாநதி அணை தெரிகிற வளைவில் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, கையுறையைக் கழற்றி, பின் சக்கர டிரம்மைத் தொட்டுப் பார்த்தார். "வெதுவெதுன்னுதான் இருக்கு மாப்ள" என்றார்.